ரேடியோவுக்கு தனி எர்த் போட்டேன், அங்கதான் தப்பு ஆரம்பிச்சுது

மாடி ரூம்ல ஹெச்எஃப் ரிக் (தூரத்து ஊர்களோட பேசுற ஹாம் ரேடியோ செட்) வச்சிருக்கிற நம்ம ஹாம் ஆளுங்க நிறைய பேர் பண்ற தப்பை நானும் பண்ணேன். வீட்டு எர்த்ல ஒரே நாய்ஸ் வரும்னு யாரோ சொன்னாங்கன்னு ரேடியோவுக்குன்னு தனியா குழி தோண்டி, ஜிஐ பைப் இறக்கி, கரி உப்பெல்லாம் கொட்டி அமர்க்களமா ஒரு எர்த் போட்டேன், ஆனா அதை வீட்டு எர்த்தோட சேர்க்கல. ஐப்பசி மழைல ரெண்டு தெரு தள்ளி ஒரு இடி, என் ஆன்டெனா மேல கூட விழல, ரிக்குக்கு கரண்ட் குடுக்குற எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை காலி, லேப்டாப் யுஎஸ்பி போர்ட்டும் காலி. இடி இறங்குனா மண்ணுக்குள்ளயே இடத்துக்கு இடம் வோல்டேஜ் மாறும், அந்த நொடியில ரெண்டு எர்த்துக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வந்துரும், கரண்ட் இங்கிருந்து அங்க போக இருந்த ஒரே வழி என் மேஜை மேல இருந்த சாமான்தான். தனி ராடு அடிங்க, வேணாம்னு சொல்லல, ஆனா 16 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் போட்டு வெளிப்பக்கமாவே வீட்டு எர்த்தோட சேர்த்துடுங்க.

பேசும்போது மைக் உதட்டுல சுருக்குனு கடிக்குதா? உடனே எர்த் சரியில்லன்னு குழியில தண்ணி ஊத்த ஓடாதீங்க. மாடியில இருந்து 5 மீட்டர் வயர் இறங்குதுன்னா 14 மெகாஹெர்ட்ஸ்ல அது கால் அலைநீளம், கீழ எர்த் எவ்ளோ அருமையா இருந்தாலும் மேல ரிக்குக்கு அது எர்த்தாவே தெரியாது, கிட்டத்தட்ட இன்னொரு ஆன்டெனாதான். அந்தக் கடி, கேபிள் வழியா ரிக்குக்கே திரும்பி வர்ற ஆர்எஃப், அதாவது ரேடியோ அலை கரண்ட். டைபோலுக்கு (நடுவுல கேபிள் சேர்ற ரெண்டு கை வயர் ஆன்டெனா) ஆர்எஃப் எர்த்தே தேவையில்ல, கோஆக்ஸை (ஆன்டெனா கேபிள்) ஃபெரைட் டோராய்டுல, அதாவது காந்தப் பொருள் வளையத்துல, பத்து சுத்து சுத்தி ஃபீட் பாயிண்ட்ல (கேபிள் ஆன்டெனாவோட சேர்ற இடம்) மாட்டுங்க, கடி பெரும்பாலும் போயிடும்.

ரிக்ல இருந்து டியூனர் (ஆன்டெனாவை ரிக்குக்கு ஒத்துப்போக வைக்கிற பெட்டி), டியூனர்ல இருந்து பவர் சப்ளைன்னு ரயில் பெட்டி மாதிரி எர்த்தை கோக்காதீங்க, எல்லாத்தையும் தனித்தனியா ஒரே காப்பர் பட்டைக்கு கொண்டு வாங்க.

பழைய வீடுன்னா பிளக் பாயிண்ட்டை எலக்ட்ரீஷியனை விட்டு கழட்டிப் பாக்க சொல்லுங்க, நியூட்ரலையும் எர்த்தையும் துண்டு வயர்ல லூப் பண்ணி வச்சிருப்பாங்க. நியூட்ரல் எங்கயாவது கட் ஆனா 230 வோல்ட் நேரா ரிக் பாடியில வந்து நிக்கும். இது ஒண்ணுல மட்டும் விளையாடவே கூடாது.

அப்புறம் மழைக்கு கோஆக்ஸை கழட்டிடுவேன்னு பெருமையா சொல்றாங்க, கழட்டுன முனை ரிக் பக்கத்துலயே தொங்கிட்டு இருக்கும். அதை ஜன்னலுக்கு வெளிய போட்டு எர்த்தோட மாட்டி விடுங்க, வானம் இருட்டும்போதே செய்யுங்க, இடி கேட்க ஆரம்பிச்சா அந்த கனெக்டர் பக்கமே போகாதீங்க.