பச்சிளங்குழந்தையின் வயிற்று வாயு: ஏப்பமும் தடவும் திசையும்

எங்கள் மகன் பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து, மாலை ஏழு மணியானால் முகம் சிவக்க, கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அழத் தொடங்கிவிடுவான். அடுக்குமாடி வீட்டில் அண்டை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற கவலையும் சேர்ந்துகொள்ள, கண்டதையெல்லாம் செய்து பார்த்தோம். பலன் தந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், பால் குடித்து முடிக்கும்வரை காத்திராமல் இடையிலேயே ஏப்பம் எடுக்க வையுங்கள். குழந்தையின் வயிறு உங்கள் தோளில் படியும் அளவுக்கு உயர்த்திச் சாய்த்து, உள்ளங்கையைக் குழித்து முதுகில் மெல்லத் தட்டுங்கள். பத்து நிமிடத்தில் வராவிட்டால் விட்டுவிடலாம்.

புட்டிப்பால் என்றால், காம்பு முழுவதும் பால் நிறைந்திருக்கும்படி சாய்த்துப் பிடியுங்கள். பால்மாவைக் கரைத்த நுரை அடங்கிய பிறகே கொடுங்கள். வாயுவைத் தடுக்கும் என்று விற்கப்படும் விலையுயர்ந்த புட்டிகளால் எனக்குக் கழுவும் வேலைதான் கூடியது. மெதுவாகச் சுரக்கும் சாதாரணக் காம்பே போதும் என்பது என் கருத்து.

அடுத்தது வயிற்றைத் தடவுவது. கடிகார முள் சுற்றும் திசையில் தடவ வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானோ, மகனை மடியில் எனக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, கையை முன்னால் நீட்டி, என் பார்வைக்கு வலஞ்சுழியாகத் தடவினேன். எதிரே நின்று பார்ப்பவருக்கு அது இடஞ்சுழி என்பது ஒரு வாரம் கழித்தே உறைத்தது. ஆகவே கடிகாரத்தை மறந்துவிட்டுக் குடலை நினைவில் வையுங்கள். பெருங்குடல் குழந்தையின் வலப்புற அடிவயிற்றில் தொடங்கி மேலேறி, விலாவுக்குக் கீழே குறுக்காகச் சென்று, இடப்புறமாக இறங்குகிறது. உங்கள் விரல்களும் அந்த வழியே செல்ல வேண்டும். குழந்தையை மல்லாத்திக் கிடத்தி, எதிரே அமர்ந்து செய்தால் குழப்பம் வராது. பிறகு, மிதிவண்டி மிதிப்பதுபோல் இரு கால்களையும் மாறி மாறி வயிற்றருகே மடக்கி நீட்டுங்கள்.

தடவுவதற்குச் சிறிது தேங்காய் எண்ணெய் போதும். கற்பூரம் கலந்த மருந்து எண்ணெய்கள் கைக்குழந்தைக்கு ஆகாது. அதிலும் ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தை என்றால் இன்னும் கவனம் தேவை. சிங்கப்பூரில் 1965 முதல் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தப் பரிசோதனை செய்யப்படுவதால், உங்கள் குழந்தையின் முடிவை மருத்துவமனை அறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மாமியார் தேக்கா சந்தையிலிருந்து வசம்பு வாங்கி வந்தார். சுட்டு உரைத்து நாக்கில் தடவ வேண்டாம் என்று அவரிடம் சொல்வது எளிதாக இல்லை; ஆனால் ஆறு மாதம்வரை பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று பலதுறை மருந்தகத்தில் தாதி சொன்னதும் ஒப்புக்கொண்டார். இந்த அழுகை ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் உச்சம் தொட்டு, மூன்று நான்கு மாதங்களில் தானாகவே அடங்குவது வழக்கம் என்பதால், அச்சமயம் எதைக் கொடுத்தாலும் அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றும்.

காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ, பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, வயிறு கல்லாக இறுகினாலோ, தடவிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பிற்சேர்க்கை: வயிற்றைத் தடவியதும் குழந்தை பாலைக் கக்கிவிட்டதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். பால் குடித்து அரை மணி நேரமாவது ஆன பிறகே தடவ வேண்டும் என்பதை எழுத மறந்துவிட்டேன். மடியில் குப்புறப் போட்டால் அழுகை நிற்கிறதே என்று கேட்டவருக்கு: விழித்திருக்கும்போது செய்யலாம், அப்படியே உறங்கிவிட்டால், மெத்தையில் மல்லாத்தியே கிடத்துங்கள்.