மட்டியின் இதயத்தில் நியூரோபெப்டைடைச் சோதிப்பது எப்படி?

மெல்லுடலிகளின் நரம்பு மண்டலத்தைப் படிக்க வருகிறவர்கள் முதலில் கையில் எடுக்க எஃப்எம்ஆர்எஃப் அமைடைவிட நல்ல நியூரோபெப்டைடு, அதாவது நரம்பணுக்கள் செய்தி சொல்ல வெளியிடும் சின்ன அமினோ அமிலச் சங்கிலி, இல்லை என்பது என் எண்ணம். நான்கே அமினோ அமிலங்கள்: ஃபினைல்அலனின், மெத்தியோனின், ஆர்ஜினின், மறுபடி ஃபினைல்அலனின். கடைசியில் ஓர் அமைடு. 1977-இல் பிரைஸும் கிரீன்பெர்க்கும் அமெரிக்கக் கடல் மட்டி ஒன்றின் நரம்பு முடிச்சுகளிலிருந்து இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். நம் முட்டுக்காடு உப்பங்கழி மட்டியும் அதே குடும்பம்தான்.

முதல் வேலை, பொடியைக் கரைப்பது. பாதிப் பரிசோதனைகள் கெடுவது இங்கேதான், அதனால் நிதானமாகச் செய்யுங்கள். ஃப்ரீஸரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறக்காதீர்கள். சென்னைக் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த பொடிமேல் நீராகப் படிந்துவிடும். மூடி போட்டபடியே அறை வெப்பத்துக்கு வரட்டும், அப்புறம் திறக்கலாம்.

மூலக்கூறு எடை சுமார் 598.8. ஆக, 1 மில்லிகிராமை 1.67 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் 1 மில்லிமோலார் (லிட்டருக்கு ஆயிரத்தில் ஒரு மோல்) கரைசல் கிடைக்கும். ஆனால் குப்பியில் இருப்பது முழுக்கப் பெப்டைடு அல்ல, உப்பும் ஈரமும் சேர்ந்தே இருக்கும். கூடவே வரும் தாளில் பெப்டைடு அளவு 80% என்றிருந்தால் 1.34 மில்லிலிட்டர்தான் சேர்க்க வேண்டும். கரைத்ததை 50 மைக்ரோலிட்டராகச் சின்னக் குழாய்களில் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஒரு குழாயை ஒருமுறைதான் உருக்க வேண்டும். மெத்தியோனின் காற்றுப் பட்டால் ஆக்ஸிஜனேற்றம் அடையும், திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைப்பது பெப்டைடைக் கெடுக்கும்.

அன்றன்று தேவையானதை மட்டும் நீர்க்கச் செய்யுங்கள். 50 மைக்ரோலிட்டரோடு 450 மைக்ரோலிட்டர் வடிகட்டிய உப்பங்கழி நீர் சேர்த்தால் பத்து மடங்கு நீர்க்கும். இப்படி நான்கு தடவை செய்தால் மில்லிமோலாரிலிருந்து 0.1 மைக்ரோமோலாருக்கு வந்துவிடலாம். ஒவ்வொரு தடவையும் பிப்பெட் டிப்பை மாற்றுங்கள். மட்டி எடுத்த இடத்து நீரையே பயன்படுத்துவது முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் உப்பங்கழியின் உப்பு குறைந்துவிடும். போன மாதம் பிடித்து வைத்த நீர் இன்றைய மட்டிக்கு ஒத்துவராமல் போகலாம்.

இனி மட்டி. மூடுதசைகளை மெல்லிய கத்தியால் அறுத்தால் ஓடு திறந்துகொள்ளும். கீலுக்கு அடியில், கண்ணாடி போன்ற சவ்வுப் பைக்குள் வெளிறிய நிறத்தில் ஒன்று துடிக்கும். அதுதான் இதயம். குடல் அதன் நடுவே நுழைந்து போவதைப் பார்க்கலாம், வெட்டிவிடாதீர்கள். சவ்வை மட்டும் கவனமாகக் கிழித்து, மட்டியை 10 மில்லிலிட்டர் அதே உப்பங்கழி நீரில் வைத்துத் துடிப்பு சீராகும்வரை காத்திருங்கள். ஃபேன் காற்றோ ஏசிக் காற்றோ நேராகப் பட வேண்டாம், வெப்பம் மாறினால் துடிப்பும் மாறும்.

முதலில் பெப்டைடு கலக்காத அதே உப்பங்கழி நீரை 100 மைக்ரோலிட்டர் விட்டுத் துடிப்பை எண்ணுங்கள். துளி விழும் அதிர்ச்சிக்கே சில இதயங்கள் தடுமாறும். பிறகு மிகக் குறைந்த செறிவிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மேலே போங்கள். பத்து மில்லிலிட்டரில் 100 மைக்ரோலிட்டர் விட்டால் நூறு மடங்கு நீர்த்துவிடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் நீரை மாற்றிக் கழுவி, துடிப்பு பழைய நிலைக்கு வந்த பிறகே அடுத்தது.

பெரும்பாலான மெல்லுடலிகளில் துடிப்பு வலுக்கும், சில இனங்களில் அடங்கும். குறைகிறதே என்று பதறி முடிவைத் தூக்கிப் போடாதீர்கள். ஒன்றுமே நடக்கவில்லை என்றால்? நீரை மாற்றிவிட்டு ஒரு மைக்ரோமோலார் அளவுக்குச் செரட்டோனின் என்ற இன்னொரு நரம்புச் செய்திப் பொருளை விட்டுப் பாருங்கள். அது மட்டியின் இதயத்தைத் தூண்டும். இதயம் அதற்கு எழுந்தால் பெப்டைடைச் சந்தேகியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் வேறு மட்டியை எடுங்கள்.