யாழ்ப்பாணத்தில் சமூகவியல் கலாநிதிப் பட்டம்: கேள்வியிலிருந்து வாய்மொழிப் பரீட்சை வரை

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் கலாநிதிப் பட்டம் (PhD) 12ஆம் மட்டம். முழுநேரமாகக் குறைந்தது 3 வருட ஆய்வு. முதுதத்துவமாணி (MPhil) 11ஆம் மட்டம், 2 வருடம். பலரை முதலில் முதுதத்துவமாணிக்குப் பதிந்து, வேலை தரமாக இருந்தால் இடையில் கலாநிதிக்கு உயர்த்துவார்கள். இதைக் குறைவாக எண்ண வேண்டாம். உயர்த்தும் மதிப்பீட்டுக்கு எழுதும் இலக்கிய மீளாய்வும் முறையியலும் ஆய்வேட்டுக்குள் அப்படியே போய்ச் சேரும்.

படிவம் நிரப்ப முன் மேற்பார்வையாளர் ஒருவரின் சம்மதத்தைப் பெறுங்கள். இரண்டு பக்கக் குறிப்பு போதும். ஆனால் அதில் கேள்வி இருக்க வேண்டும். ‘புலம்பெயர்வும் யாழ்ப்பாணச் சமூகமும்’ வெறும் தலைப்பு. ‘வெளிநாட்டுக் காசில் திருத்திய கோயில்களில் திருவிழா உபயம் யாருக்கு என்பதை இப்போது யார் தீர்மானிக்கிறார்கள்?’ என்பது கேள்வி. மூன்று கோயில்களை வைத்து, தனி ஆளாக, மூன்று வருடத்தில் இதற்கு விடை தேடலாம். பட்டம் இழுபடுவதற்குப் பெரும்பாலும் காரணம், கேள்வி இந்த அளவுக்குச் சுருங்காததே.

ஊர் மலர்கள், கோயில் மலர்கள், பழைய பத்திரிகைகளை நூலகம் இணையத்தளத்தில் தேடுங்கள். புள்ளிவிவரத்தில் கவனம் தேவை: 1981க்குப் பின் யாழ்ப்பாணத்தில் முழுமையாக நடந்த அடுத்த குடிசன மதிப்பீடு 2012இல்தான், 2001 கணக்கெடுப்பு இங்கே முழுமையில்லை. இரண்டு புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணைத்தால் 1990 முஸ்லிம்கள் வெளியேற்றமும் 1995 இடப்பெயர்வும் அந்தக் கோட்டுக்குள் காணாமற்போய்விடும்.

களத்துக்குமுன் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி. சம்மதப் படிவத்தில் கையெழுத்து கேட்டால் பலர் தயங்குவார்கள். காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் எத்தனையோ விசாரணைகளுக்குக் கையெழுத்து வைத்துக் களைத்தவர்கள். வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவு செய்யும் வழியை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். பிறகு மாற்றினால் மறுபடி அனுமதி எடுக்க வேண்டும்.

விதானையாருக்கு (கிராம அலுவலருக்கு) அறிவியுங்கள், ஆனால் அவரோடு வீடுவீடாகப் போகாதீர்கள். நிவாரணப் பதிவுக்கு வந்தவர் என்று நினைத்துச் சனம் வருமானத்தைக் குறைத்துச் சொல்லும். சனசமூக நிலையம் நல்ல வாசல்தான். ஆனால் எந்த நிலையத்தில் முதலில் இருக்கிறீர்களோ அந்தப் பகுதியின் ஆளாகவே பார்க்கப்படுவீர்கள். ஆகவே குறைந்தது இரண்டு வாசல்களால் ஊருக்குள் போங்கள். சாதியை நேரே கேட்டால் ‘இப்ப அதெல்லாம் இல்லை’ என்பதே பதிலாக வரும். கலியாணப் பேச்சு, காணி விற்பனை, கிணறு, உபயம் பற்றிக் கேளுங்கள். விடை தானாக வரும்.

ஒரு மணிநேரப் பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணிநேரம் பிடிக்கும். 40 நேர்காணலையும் முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தால் மாதக்கணக்கு அதிலேயே போய்விடும். அந்தந்தக் கிழமையே எழுதி, பக்கத்திலேயே உங்கள் குறிப்பையும் வையுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுத வேண்டாம்; பகுப்பாய்வு மென்பொருளில் தமிழ்ச் சொல் போட்டுத் தேடினால் எதுவும் அகப்படாது. யூனிகோட்டே வேண்டும். ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுவோர் மேற்கோளாகப் பயன்படும் பகுதிகளை மட்டும் மொழிபெயர்த்தால் போதும்.

பெயரை மாற்றுவதோடு அடையாளம் மறையாது. தீவகத்துக் கிராமம், ஓய்வுபெற்ற அதிபர், இரண்டு பிள்ளைகள் கனடாவில் என்று ஒரே வரியில் எழுதினால் ஊரார் உடனே ஆளைச் சொல்லிவிடுவார்கள். விளக்கத்துக்குத் தேவையில்லாத விவரத்தை நீக்குங்கள். ஒருவரின் கூற்றுகளை வெவ்வேறு புனைபெயர்களில் பிரித்து வைப்பதும் உண்டு. அப்படிச் செய்தால் முறையியலில் குறிப்பிட வேண்டும். நம்பிப் பேசியவர் ஊரில் தலைநிமிர்ந்து வாழவேண்டும், இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

ஆய்வேட்டைப் பரீட்சகர்கள் வாசித்தபின் வாய்மொழிப் பரீட்சை. ‘ஏன் இந்த ஊர், ஏன் இத்தனை பேர், நீங்கள் யார் என்பது பதில்களை எப்படி மாற்றியது?’ என்பவை கட்டாயம் வரும். பெரும்பாலும் திருத்தங்களோடுதான் ஏற்பார்கள். பரீட்சகர் சொன்னது, செய்த மாற்றம், பக்க இலக்கம் என மூன்று நிரலில் அட்டவணை போட்டு, திருத்திய பிரதியோடு சேர்த்துக் கொடுங்கள்.