வாட்ஸ்அப்பில் படம் மங்காமல் அனுப்ப

கேமராவில் பளிச்சென்று இருந்த படம், வாட்ஸ்அப்பில் போனதும் மங்கிவிடுகிறதா? போன் மீது குறையில்லை. வேகமாகப் போய்ச் சேரட்டும் என்று ஆப் அதைச் சுருக்கித்தான் அனுப்புகிறது.

படத்தைத் தேர்ந்தெடுத்ததும் மேலே 'எச்டி' என்றொரு பட்டன் தெரியும். 2023-இல் வந்த வசதி. அதைத் தட்டினால் தெளிவு கூடும், ஆனால் அசல் தரம் அப்படியே போகாது, அதிலும் கொஞ்சம் சுருக்கம் உண்டு. அரட்டையில் பார்த்து ரசிக்க அது போதும்.

பிரிண்ட் போடவோ எடிட் செய்யவோ வேண்டுமென்றால், இணைப்புக் குறியைத் தொட்டு 'கேலரி'க்குப் பதில் 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள். ஒரு பிக்சல்கூடக் குறையாது. வீடியோவுக்கும் இதே வழிதான், ஒரு கோப்பு 2 ஜிபி வரை போகும். வைஃபையில் இருக்கும்போது அனுப்புங்கள், இல்லையென்றால் அன்றைய டேட்டா அதோடு காலி!

ஒன்றை மறக்க வேண்டாம். டாக்குமென்டாகப் போகும் படத்தில், எடுத்த நேரமும், கேமராவில் லொகேஷன் ஆன் செய்திருந்தால் எடுத்த இடமும் சேர்ந்தே போகும். சாதாரணமாக அனுப்பும்போது இவை நீங்கிவிடும். முன்பின் தெரியாதவருக்கு வீட்டில் எடுத்த படத்தை இப்படி அனுப்பாதீர்கள்.

டெலிகிராமில் இதே வேலைக்கு 'ஃபைல்' என்ற தேர்வு இருக்கிறது.