இரண்டு ஒப்பந்தங்களில் எதில் கையெழுத்திடுவது? ஃப்ரீலான்ஸ் ஐடி பணியாளர்களுக்கான செய்முறை விளக்கம்

புதுச்சேரியிலும் கடலூரிலும் வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸாக ஐடி வேலை செய்வோருக்கு, வேலை பெரும்பாலும் சென்னை, பெங்களூரு நிறுவனங்களிடமிருந்தோ வெளிநாட்டிலிருந்தோதான் வருகிறது. நேரில் பார்த்திராத ஒருவர் அனுப்பும் பிடிஎஃப் கோப்பை நம்பி மாதக்கணக்கில் உழைக்கப் போகிறோம் என்பதால், ஒரே சமயத்தில் இரண்டு ஒப்பந்தங்கள் வந்தால் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. நான் ஒவ்வொரு முறையும் பின்பற்றும் முறையை இங்கே விளக்குகிறேன். பான் எண்ணும் தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கும் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதாகக் கொள்கிறேன்.

படி 1: அச்சிட்டுப் படியுங்கள்

இரண்டு ஒப்பந்தங்களையும் ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு, பென்சிலுடன் உட்காருங்கள். தொகை முதல் பக்கத்தில் இருக்கும். அந்தத் தொகை எப்போது, எந்த நிபந்தனையின் பேரில் கிடைக்கும் என்பது கடைசி இணைப்புகளில் இருக்கும். ஒப்பந்தத்தைச் சுருக்கித் தருவதாகச் சொல்லும் செயலிகளில் அதைப் பதிவேற்றாதீர்கள். ரகசியக் காப்பு உடன்படிக்கையில் முன்பே கையெழுத்திட்டிருந்தால், அப்படிப் பதிவேற்றுவதே அதை மீறியதாகிவிடலாம். ஒப்பிடுவதற்குச் சாதாரண கூகுள் ஷீட்ஸ் போதும்.

படி 2: ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?

முதல் ஒப்பந்தம் மாதம் 160 மணி நேர வேலைக்கு 90,000 ரூபாய் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 562.50 ரூபாய் ஆகிறது. இரண்டாவது ஒப்பந்தம் ஒரு மென்பொருளை முடித்துத் தர மொத்தமாக 3,00,000 ரூபாய் தருகிறது. உங்கள் மதிப்பீட்டில் அது 300 மணி நேர வேலை. மணிக்கு 1,000 ரூபாய் என்பதால் இதுவே மேல் என்று தோன்றும். ஆனால் திருத்தங்களுக்கு எல்லை குறிப்பிடப்படாமல், கூட்டங்களும் திருத்தங்களுமாக மேலும் 120 மணி நேரம் போனால், அது மணிக்கு 714 ரூபாயாக இறங்கிவிடும். 40 சதவீதமான கடைசித் தவணையும் வராமல் நின்றுவிட்டால், மிஞ்சுவது மணிக்கு 428 ரூபாய்தான். ஆகவே எது நல்ல ஒப்பந்தம் என்பதை அந்தக் கடைசித் தவணைக்கான நிபந்தனைதான் தீர்மானிக்கிறது.

படி 3: பணம் என்று வரும்?

எனக்கு மிக அதிக நேரம் பிடிக்கும் படி இதுவே. புதியவர்களும் இங்கேதான் நிதானிக்க வேண்டும். பணம் தரும் நாளை ஒப்பந்தங்கள் பொதுவாக மூன்று விதமாகச் சொல்கின்றன. இன்வாய்ஸ் கிடைத்ததிலிருந்து இத்தனை நாட்களுக்குள் என்பது தெளிவானது. வேலை திருப்திகரமாக ஏற்கப்பட்ட பின் என்பது ஆபத்தானது, ஏனெனில் யார், எத்தனை நாட்களுக்குள் ஏற்க வேண்டும் என்பது அதில் இல்லை. இறுதி வாடிக்கையாளரிடமிருந்து எங்களுக்குப் பணம் வந்த பின் என்பதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. நாம் பார்த்தேயிராத மூன்றாவது நிறுவனத்தின் தாமதத்தை நம் வீட்டு வாடகையின் மேல் ஏற்றும் நிபந்தனை அது.

இரண்டாவது வகையை ஒரே வாக்கியத்தால் சரிசெய்யலாம்: "வேலை ஒப்படைக்கப்பட்ட 7 வேலை நாட்களுக்குள் குறைகள் எழுத்து மூலம் தெரிவிக்கப்படாவிட்டால், அது ஏற்கப்பட்டதாகக் கருதப்படும்." இது மிகையான கோரிக்கை அன்று. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டமே, 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் வராவிட்டால் ஒப்படைத்த நாளையே ஏற்கப்பட்ட நாளாகக் கொள்கிறது. அந்தச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாட்களுக்கு மேல் தள்ளிப்போட முடியாது. தாமதமானால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும்.

தனி ஆளாக வேலை செய்யும் ஃப்ரீலான்சரும், இத்தகைய நிறுவனங்களுக்கான அரசுப் பதிவுத் தளமான உத்யமில் குறு நிறுவனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். அரசு தளத்தில் இது முற்றிலும் இலவசம்; கட்டணம் கேட்கும் தளம் எதுவாயினும் அது இடைத்தரகருடையது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே பதிவை முடித்து, அந்த எண்ணை ஒப்பந்தத்திலும் இன்வாய்ஸிலும் குறிப்பிடுங்கள். வெளிநாட்டு நிறுவனத்தை இந்தச் சட்டத்தைக் காட்டிக் கட்டுப்படுத்த முடியாது என்பதால், அங்கே முன்பணமோ வாரந்தோறும் பணமோ கேட்பதே சரியான காப்பு.

இந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கப்படும் வருமான வரி) பிடித்தம் செய்யும். தொழில்நுட்பச் சேவை என்று வகைப்படுத்தினால் 2 சதவீதம். 10 சதவீதம் பிடித்தால், 90,000 ரூபாய்க்கு 81,000 ரூபாய்தான் கைக்கு வரும். மீதி 9,000 நஷ்டமன்று. கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழியும், அல்லது திரும்ப வரும். ஆனால் அதுவரை அது உங்கள் கையில் இல்லை என்பதை ஒப்பீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: எழுதிய நிரல் யாருடையது?

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் எழுதியது முதலாளிக்குச் சேரும். ஃப்ரீலான்சர் எழுதியது, எழுத்து மூலம் மாற்றித் தரப்படும் வரை அவருடையதே. ஆகவே உரிமை மாற்றம் "முழுத் தொகையும் பெறப்பட்ட பின்" நடக்கும் என்று சேர்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்த பிறகும் போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. அதற்காக அதை அப்படியே விட்டுவிடாமல், நீக்கச் சொல்வதே நல்லது. வழக்கு என்று வந்தால் அலைச்சல் நமக்குத்தான்.

படி 5: புயல் நாட்களுக்கான விலக்கு

நம் கடற்கரையில் இருப்பவர்கள் இதைத் தவறாமல் கேட்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எந்தப் பழுதையும் நான்கு மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் அபராதம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், இன்வெர்ட்டரும் செல்பேசி இணையமும் அந்த நாட்களில் நம்மைக் காப்பாற்றா. மின்தடை, இணையத் துண்டிப்பு, அரசு அறிவித்த பேரிடர் ஆகியவை அபராதத்திலிருந்து விலக்கு என்று வெளிப்படையாக எழுதி வாங்குங்கள்.

படி 6: மின்னஞ்சலில் கேளுங்கள்

மாற்றங்களைத் தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ பேசி முடிக்காமல், பிரிவு எண்ணுடன் இரு நிறுவனங்களுக்கும் ஒரே நாளில் மின்னஞ்சல் அனுப்புங்கள். பணம் தரும் நாளைத் திட்டவட்டமாக எழுத மறுக்கும் நிறுவனத்தை, அதன் தொகை எவ்வளவு அதிகமாக இருந்தாலும், நான் விட்டுவிடுவேன். இரண்டுமே ஒப்புக்கொண்டால், இரண்டாம் படியின் கணக்கைத் திருத்திப் போட்டு, அதில் மேலாக வருவதைத் தேர்ந்தெடுங்கள்.

பிற்சேர்க்கை: கோட்டக்குப்பத்தில் குடியிருக்கும் வாசகர் ஒருவர் ஜிஎஸ்டி பற்றிக் கேட்டிருந்தார். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை, தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பதிவு கட்டாயமில்லை. வேறு மாநில நிறுவனத்துக்கு வேலை செய்தாலும் இதே வரம்புதான். தாண்டிய பிறகு, தொழில் நடக்கும் முகவரி முக்கியமாகிறது. கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம் என்பதால், அங்கிருந்து சென்னை நிறுவனத்துக்கு இன்வாய்ஸ் போட்டால் சிஜிஎஸ்டியும் (மத்திய அரசின் பங்கு) எஸ்ஜிஎஸ்டியும் (மாநில அரசின் பங்கு) வரும். அடுத்துள்ள, புதுச்சேரியைச் சேர்ந்த முத்தியால்பேட்டையிலிருந்து போட்டால் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சேவைக்கான ஜிஎஸ்டி). இரண்டிலும் மொத்தம் 18 சதவீதமே. இரண்டு ஒப்பந்தங்களையும் சேர்த்து ஏற்று வரம்பைத் தாண்டப் போகிறவர்கள், தொகைக்கு அருகில் "ஜிஎஸ்டி தனி" என்று சேர்க்கச் சொல்ல வேண்டும். அந்தச் சொற்கள் இல்லாமல், 90,000 ரூபாயை வரியும் உள்ளடங்கிய தொகை என்று நிறுவனம் வாதிட்டால், உங்களுக்கு மிஞ்சுவது 76,271 ரூபாய்.