கேம்பர் வேனில் புழுக்கம் குறைய ஒரே ஒரு ஜன்னல் போதும்

உள்ளேயே தங்கித் தூங்கும் வசதியுள்ள கேம்பர் வேனின் கூரை ஃபேனைக் காற்றை வெளியே தள்ளும்படி ஓடவிட்டு, அதிலிருந்து தள்ளி இருக்கும் ஒரே ஒரு ஜன்னலை மட்டும் நாலு விரல் அளவு திறந்து வையுங்கள். மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். அந்த ஜன்னல் தலைமாட்டில், நிழல் விழும் பக்கமாக இருந்தால் ரொம்ப நல்லது.

எல்லா ஜன்னலையும் திறந்தால் ஃபேன் தனக்கு அருகில் உள்ள வழியாகவே காற்றை இழுத்துக்கொள்ளும். படுக்கைப் பக்கம் காற்று அசையவே அசையாது. ஒரு வழி மட்டும் இருந்தால், குளிர்ந்த காற்று படுத்திருப்பவர் மேல் தவழ்ந்து, கூரையடியில் தேங்கிய சூட்டையும் மூச்சின் ஈரத்தையும் சேர்த்து வெளியே கொண்டுபோகும். இரவு முழுக்க மெதுவான வேகமே போதும் என்பதால் 12 வோல்ட் பேட்டரியும் தாங்கும். அப்புறம், கொசுவலையில் தூசி அடைத்திருந்தால் பாதிக் காற்றுகூட வராது, அதையும் தட்டிவிடுங்கள்.

வெளியே உள்ளேயைவிடச் சூடாக இருக்கும் நடுப்பகலில் இது உதவாது. பக்கத்தில் வண்டியோ ஜெனரேட்டரோ ஓடினால் செய்யவே வேண்டாம், புகையை உள்ளே இழுத்துவிடும். கேஸ் அடுப்பு எரியும்போது ஜன்னலை இன்னும் அகலமாகத் திறங்கள். எல்லாவற்றையும் மூடிவிட்டு ஃபேனை மட்டும் ஓட்டினால், புகைக்குழாய் வைத்த கேஸ் ஹீட்டரின் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உள்ளே திரும்பி வரலாம்.