கொப்பி, மூன்று கவர், ஒரு பிடி அரிசி: உக்கிராணத்துவம் பழகத் தொடங்குபவர்களுக்கு

உக்கிராணத்துவம், அதாவது கடவுள் ஒப்படைத்ததை அவருக்குக் கணக்குக் கொடுக்கும்படி பராமரிப்பது, என்றதும் பலர் தசமபாகத்தோடு, வரவில் பத்தில் ஒன்றைக் கொடுப்பதோடு, நின்றுவிடுகிறார்கள். கையில் இருப்பதெல்லாம் கடவுளுடையது என்றால், கொடுக்கிற பத்துக்கு மட்டுமல்ல, வைத்திருக்கிற தொண்ணூறுக்கும் கணக்கு உண்டு. லூக்கா 16இல் வரும் உவமையில் எசமான் தன் உக்கிராணக்காரனிடம் கேட்பதும் கணக்கைத்தான். ஆகவே கொப்பியிலிருந்து தொடங்குவோம்.

1. ஒரு மாதம் எழுத மட்டும் செய்யுங்கள்

80 பக்கக் கொப்பி போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. இரவு படுக்குமுன் ஐந்து நிமிடம். முதல் மாதம் எதையும் குறைக்கப் பார்க்காதீர்கள். குறைக்கப் போனால் வீட்டின் வழக்கமான செலவு எவ்வளவு என்று கடைசிவரை தெரியவராது. தேத்தண்ணி, ரீலோட், முச்சக்கரவண்டிக் காசு போன்றவைதான் எழுதாமல் விடுபடும். கடையில் கடனுக்கு வாங்கிய சாமானை, காசு கொடுக்கும் நாளில் அல்ல, வாங்கிய அன்றே எழுதுங்கள்.

கடலுக்குப் போகும் வீடுகளில் வரவு எது என்பதிலேயே பிழை வரும். மீன் விற்று 14,000 ரூபா வந்து, மண்ணெண்ணெய், ஐஸ், படகுப் பங்கு எல்லாம் சேர்த்து 8,000 போனால் வரவு 6,000 மட்டுமே. நகை அடகு வைத்த காசு வரவல்ல, கடன். சீட்டுக்காசும் வரவல்ல: நீங்கள் கட்டியதும் இனிக் கட்ட வேண்டியதும்தான் அது. சீட்டு எடுத்த கையோடு பெரிய காணிக்கை போட்டுவிட்டு, மீதித் தவணைக்குத் திண்டாடுகிற வீடுகள் உண்டு.

2. காசு வந்த அன்றே பிரியுங்கள்

மூன்று கவர்: காணிக்கை, சேமிப்பு, இல்லாதவர்களுக்கு. கடைக்குப் போகுமுன் பிரித்துவிட வேண்டும். மாதக்கடைசியில் மிஞ்சுவதைக் கொடுக்கலாம் என்றிருந்தால் ஒன்றும் மிஞ்சாது. பவுல் கொரிந்தியருக்குச் சொன்னதும் (1 கொரி. 16:2) வாரத்தின் முதல்நாள்தோறும், அவரவர் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்துவைக்கும்படிதான். அதனால் தொகையாக அல்ல, வீதமாக முடிவெடுங்கள். 10, 10, 2 வீதம் என்றால் 6,000 ரூபாவில் 600, 600, 120.

கடனில் இருப்பவர்கள் காணிக்கையை 3 வீதத்தில் தொடங்கலாம். கடைக்காரருக்கு ஆறு மாதப் பாக்கி வைத்துக்கொண்டு, ஆலயத்தில் பெயர் வாசிக்கும்படி கொடுப்பதில் நியாயமில்லை. காணிக்கையைக் காரணம் காட்டிப் பெற்றோரைக் கைவிடுவதையும் மாற்கு 7இல் இயேசு கண்டிக்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையில் பத்தில் ஒன்று என்ற கட்டாய அளவு கிடையாது. சம்பளக்காரர் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும் 8 வீதத்தைக் கழித்துக் கணக்கிடுவதா, கழிக்காமலா என்ற வாதம் முடியாது; ஒன்றைத் தீர்மானித்து அதிலேயே நில்லுங்கள்.

கார்த்திகை முதல் தை வரை வாடையில் தொழில் படுத்துவிடும். கடல் அமைதியான மாதங்களில் சேமிப்பை 20 வீதமாக்கினால் அந்த நேரம் நகை அடகுக்குப் போகாது.

3. பிடியரிசி

பணம் குறைந்த வீட்டுக்கு இதுவே நல்ல தொடக்கம். உலைக்கு அரிசி அளந்ததும், களையுமுன், அதிலிருந்து இல்லாதவர்களுக்கென ஒரு பிடி எடுத்துத் தனிப் போத்தலில் போடுங்கள். பிடிக்கு ஏறக்குறைய 50 கிராம். நாளுக்கு ஒருதரம் என்றாலும் மாதம் ஒன்றரைக் கிலோ சேரும்.

இதில் கெடுவது இரண்டு வகையில். ஒன்று, பச்சையரிசியும் புழுங்கலும் கலப்பது: வேகும் நேரம் வேறு என்பதால் ஒன்று குழையும்போது மற்றது அரைவேக்காடாக நிற்கும், வாங்கியவருக்குச் சமைக்க முடியாது. வகைக்கொரு போத்தல் வையுங்கள். மற்றது ஈரம்: நனைந்த கையால் எடுத்தால் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். வண்டுக்கு நன்றாகக் காய்ந்த வேப்பிலை நாலைந்து போடலாம். எப்படியும் மாதம் ஒருமுறை கொடுத்து முடியுங்கள்.

4. நேரம்

வாரம் ஒரு மணித்தியாலம், நாளும் நேரமும் குறித்து: அயல்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது, தனித்திருக்கும் முதியவருக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது. நேரம் கிடைக்கும்போது செய்வோம் என்றால் நடக்காது.

5. மாதக் கணக்கு

மாதக்கடைசிச் சனிக்கிழமை வீட்டார் எல்லோருமாகக் கொப்பியைப் பாருங்கள், பிள்ளைகளும் இருக்கட்டும். காணிக்கைக் கவரிலிருந்து கைமாற்று எடுத்திருந்தால் திகதியோடு கடனாக எழுதுங்கள். அடுத்த வரவில் முதலில் அது திரும்ப வேண்டும். மூன்று மாதம் தொடர்ந்து எடுக்க நேர்ந்தால் வீதம் உங்கள் வரவுக்குக் கூடுதல். 10ஐ 7 ஆக்கி மறுபடி தொடங்குங்கள்.